பிரபுவுக்கு ஏற்ற குரல்

அவருக்கு வெண்கலக் குரலோன் என்று பட்டம் கொடுத்தது அவரேதான். ஊரில் யாருக்கும் எதையும் முழுசாகச் சொல்லப் பொறுமை கிடையாது. பாதியை விழுங்கிவிட்டு வெண்கலம் என்றார்கள். அவர் மனைவியின் தம்பி மட்டும், அக்கா பக்கத்தில் இல்லாத சமயமாகப் பார்த்து, அண்டா என்பான்.

ஒலிபரப்புத் துறையிலேயே ஆயுளைக் கரைத்தவன் என்று வெண்கலம் சொல்லிக்கொள்வார். பொய்யில்லை. பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் "வண்டி தாமதமாக வரும்" என்று சொல்வதும் ஒலிபரப்புதானே? அதை அவர், மன்னர் முடிதுறந்த செய்தியை நாட்டுக்கு அறிவிப்பவர் போல அத்தனை உருக்கமாகச் சொல்வார். பயணிகளும் பொறுமையாக இருந்து, அவர் முடித்ததும் விசாரணை ஜன்னலுக்குப் போய் "வண்டி எப்ப வரும்?" என்று கேட்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கம்பெனிக்குக் கதை வாசிக்க ஆரம்பித்தார். எல்லாம் உலகப் புகழ்பெற்ற பழைய சிறுகதைகள். எழுதியவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகி, கூடவே காப்புரிமையும் காலமாகியிருக்கும். யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். ஜனங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் கேட்பார்கள்.

ஒலிப்பதிவுக் கூடம் என்று அவர் குறிப்பிட்டது படுக்கையறைத் துணி அலமாரியை. எதிரொலி கேட்கக்கூடாது என்பதற்காக, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையையும் மைக்கையும் நுழைத்து, முதுகுக்கு மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். பின்னாலிருந்து பார்த்தால், அலமாரி ஒரு மனிதரைப் பாதி விழுங்கிவிட்டு மீதியைப் பற்றி யோசிப்பது போலிருக்கும். அவர் உள்ளே போனால் வீட்டில் மின்விசிறி சுற்றக்கூடாது, குழாய் சொட்டக்கூடாது, மனைவி காய் நறுக்கக்கூடாது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி ஒரு பெரிய கதை வரிசையை அறிவித்தது. வரிசை முழுவதற்கும் ஒரே குரல். வடிகட்டியதில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்: ஒருவர் வெண்கலம், இன்னொருவர் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. இருவருக்கும் ஆளுக்கொரு கதை கொடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"டீச்சரம்மா குரலக் கேட்டிருக்கேன். ஆடு தழை மெல்லற மாதிரி இருக்கும்" என்றார் வெண்கலம். அந்தத் தைரியத்தில், வேலை தனக்கே கிடைத்துவிட்டதாக மாடி வீட்டுக்காரரிடமும் சம்பந்தி வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பல் டாக்டரிடம், வாயைத் திறந்தபடியே சொன்னார். இனி கிடைக்காமல் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு உக்காரக்கூடாதா?" என்றாள் மனைவி, வெள்ளிக்கிழமை காலையில்.

"முன்னாடியே படிச்சுட்டா உணர்ச்சி செத்துப்போயிடும்டி. கேக்கறவன் எப்ப அதிர்ச்சி அடையறானோ, அப்பதான் நானும் அடையணும்."

"நான் எப்ப சமைக்கறது?"

"நான் அதிர்ச்சி அடைஞ்சப்புறம்."

கதை இதுதான். மலைமேல் மாளிகையில் ஒரு பிரபு. அவருக்கு மேலங்கி தைக்க ஒரு தையல்காரன் வருகிறான். பிரபு வாயைத் திறந்தால் போதும், மாளிகையே உறைந்து நிற்கிறது. சமையற்காரன் கரண்டியைக் கீழே வைக்கிறான், காவலர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், நாயைக்கூட வெளியே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். தையல்காரன் வெலவெலத்துப் போகிறான்.

இப்படி ஒரு பிரபுவுக்காகத்தான் வெண்கலம் பிறந்ததே. அடிவயிற்றிலிருந்து இடியை எடுத்தார். "வா... அருகே!" என்று பிரபு சொன்னபோது அலமாரியின் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பிரபு தோள் அளவு கொடுத்தது சூறாவளி. பித்தான் வேண்டுமென்று கேட்டது எரிமலை. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "வீட்ல ஏதும் பிரச்சினையா தங்கச்சி?" என்று ரகசியமாகக் கேட்டார். "பித்தான் கேக்கறாருண்ணே, அவ்வளவுதான்" என்று அவரை அனுப்பிவைத்தாள் மனைவி.

கடைசிப் பக்கத்தில், தையல்காரன் நடுங்கிக்கொண்டே, "பிரபுவே, சரியாகக் காதில் விழவில்லை" என்கிறான். வெண்கலம் மூச்சை இழுத்து, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு கர்ஜனையாகப் பிரபுவின் பதிலைக் கொடுத்தார்:

"என்னால்... இதைவிட... உரக்கப் பேச முடியாதே, அப்பா!"

கொடுத்த பிறகுதான் அது காதில் உறைத்தது. அடுத்த வரியைக் கண்ணால் மட்டும் படித்தார். சிறுவயதில் தொண்டையில் வந்த நோயால் பிரபுவின் குரல் கொசு முனகும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அது கேட்க வேண்டுமே என்றுதான் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மற்றபடி பிரபுவைப் போல ஒரு சாது அந்த மலையிலேயே கிடையாது.

அலமாரிக்குள் மைக்கை அணைக்கும் 'டிக்' மட்டும் கேட்டது.

"அதிர்ச்சி அடைஞ்சாச்சா? அடுப்பப் பத்த வைக்கலாமா?" என்றாள் மனைவி.

வியர்த்து வழிய வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பை முந்தானையால் அடைத்துக்கொண்டு, "பிரபு பேசற இடத்த மட்டும் கொசு மாதிரி திரும்பப் பேசிட்டாப் போச்சு" என்றாள்.

"நானா? கொசுவா? இந்தக் குரலக் கேட்டுத்தானடி வேலை குடுக்கப்போறான்!"

இருபது வருடம் எழுத்தின் புனிதத்தைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவர், மறுபடி அலமாரிக்குள் தலையை நுழைத்து, நோயை நீக்கிவிட்டு, கொசு இருந்த இடத்தில் ஒரு சிங்கத்தை உட்கார வைத்தார். பிரபுவின் குரல் சிங்கம் போன்றது, ஆகவே எல்லாரும் நடுங்கினார்கள், முற்றும். காப்புரிமைதான் போய்விட்டதே, யார் வந்து சண்டை போடப்போகிறார்கள் என்று கம்பெனிக்கு அனுப்பியும்விட்டார்.

சண்டை போட ஓர் ஆள் இருந்தான். அந்தக் கம்பெனியில் அச்சையும் ஒலியையும் ஒப்பிட்டு, ஒரு சொல் பிசகினாலும் பிடித்துக் கொடுப்பது, அண்டா என்று கூப்பிடும் அதே மச்சான்காரனின் உத்தியோகம். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"மாமா, கடைசிப் பக்கத்துல சிங்கம் எங்கேருந்து வந்துச்சு?"

"எந்தச் சிங்கம்?"

"புஸ்தகத்துல கொசுதான இருக்கு?"

"உங்கிட்ட இருக்கறது பழைய பதிப்பா இருக்கும் மாப்ள."

"பழசுல கொசு, புதுசுல சிங்கமா? அது அவ்ளோ பெருசா வளர்றதுக்கு நடுவுல எத்தன பதிப்பு வந்திருக்கணும்! எங்க ஒலிப்பதிவு டைரக்டர் இன்னும் கேக்கல. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க. இப்படியே போச்சுன்னா உங்களுக்கு எடம் கெடையாது."

"டேய், உங்கக்கா மொகத்துக்காகவாவது..." என்று முழங்கத் தொடங்கினார் வெண்கலம். முழக்கம் பாதியில் கீச்சென்று அறுந்தது. எரிமலைக்கும் சூறாவளிக்கும் தொண்டை அன்றைக்கே வட்டியோடு வசூல் செய்துவிட்டது. வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது.

"மாமா? லைன் கட் ஆயிடுச்சா?"

மனைவி போனை வாங்கினாள். "லைன் இருக்குடா. மாமாதான் கட் ஆயிட்டாரு."

அவர் கையை ஆட்டி ஏதோ மறுத்தார். அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோய்க் கேட்டாள். கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அய்யோ, இதான் பிரபு! இப்பவே போய் உக்காருங்க. இந்தக் குரல் நாளைக்கு இருக்காது."

அவர் முறைத்தார்.

"சிங்கமா இருந்து தோக்கறதுக்கு கொசுவா ஜெயிச்சுட்டுப் போங்களேன். மாடி வீட்டண்ணன் தெனமும் கேக்கறாரு, எப்ப ஆரம்பிக்குதுன்னு."

கடைசியாகச் சொன்னது வேலை செய்தது. வெண்கலம் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். பிரபுவின் பேச்சு அத்தனையையும் புதிதாகப் பேசி, சிங்கத்தை விரட்டிக் கொசுவைத் திருப்பி வைத்து, வெயில் சாய்வதற்குள் அனுப்பினார். முன்பு முழங்கிப் பதிவு செய்ததில், கதை சொல்கிறவருடைய வெண்கலக் குரல் மட்டும் அப்படியே நின்றது.

சில நாள் கழித்து மச்சான்காரன் நேரிலேயே வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதில் விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"வரிசை டீச்சரம்மாவுக்குப் போயிடுச்சு மாமா."

வெண்கலம் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் நினைவுக்கு வந்தது பல் டாக்டர்தான்; அடுத்த வாரம் போகவேண்டியிருந்தது.

"முழுசாக் கேளுங்க. பிரபு வாயத் தொறந்தா டைரக்டர் ஹெட்போன ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கறாரு. யார்ரா இந்த ஆளுன்னாரு. எங்க மாமான்னேன். அப்ப நடுநடுவுல கத்தறாரே, அவரு யாருன்னாரு. அவரும் எங்க மாமாதான்னேன். அவர விட்டுட்டு இவர மட்டும் கூட்டிட்டு வாங்கறாரு. டீச்சரம்மா கதை சொல்வாங்க. நோயாளி, ஆவி, சாகப்போற கெழவர் எல்லாம் நீங்க."

"மாட்டேன்னு சொல்லிடு" என்றார் வெண்கலம். இரண்டு நாள் அதிலேயே நின்றார். மூன்றாவது நாள் மாடிப்படியில், "முக்கியமான பாத்திரங்கள மட்டும் எனக்குன்னு ஒதுக்கிட்டாங்க. கதை சொல்ற சில்லறை வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கிட்டாங்க" என்று அவர் மாடி வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருப்பது மனைவி காதில் விழுந்தது. சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

கம்பெனியில் நிஜமான கண்ணாடி அறை இருந்தது. டீச்சரம்மா கதையைச் சொல்லிக்கொண்டே போக, வெண்கலம் முக்கால்மணி நேரம் முக்காலியில் காத்திருந்தார். அந்த ஆட்டுக்குரல் கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது; அதை அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் முறை வந்தது. தொண்டை சரியான பிறகும் அந்தக் கொசுக்குரலை அலமாரிக்குள் பழகிக்கொண்டு வந்திருந்தார். சாகப்போகும் கடிகாரக்காரர், ஒரே வாக்கியம்.

டைரக்டர் கையைத் தூக்கினார். ஏசியை நிறுத்தினார்கள். ஒருவன் போய்க் கதவடியில் துணியைச் செருகினான். மச்சான்காரன் நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்து நின்றான். டீச்சரம்மா வளையல்களை மெல்ல முழங்கைக்கு ஏற்றிக்கொண்டார். எல்லாரும் மூச்சை அடக்கி, கழுத்தை நீட்டி, வெண்கலத்தின் உதட்டையே பார்த்தார்கள்.

அவரும் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பேசவில்லை. உலகமே தன்னைக் கேட்பதற்காக இப்படி நிற்குமென்று தெரிந்திருந்தால் இத்தனை வருடம் எதற்காகக் கத்தினோம் என்று தோன்றியது. உதட்டை லேசாகப் பிரித்தார். எல்லாரும் இன்னும் ஒரு அங்குலம் முன்னே சாய்ந்தார்கள். உதட்டை மூடிக்கொண்டார்.

மூச்சுமுட்டி முதலில் இருமியது டைரக்டர்தான்.

"மறுபடியும் எடுக்கணும்" என்றார் வெண்கலம், பட்டு நூல் போல.

"என்ன சொன்னீங்க?" என்று நாலு பேரும் அவர் பக்கத்தில் ஓடி வந்தார்கள்.