கைதானவர்களின் மூன்றாம் வகுப்பு

என் மகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. பெயர் வெற்றிச்செல்வி. வேனில் ஏறியவர்களின் பெயரைக் கேட்டு எழுதிய ஏட்டு, இவள் பெயரையும் எழுதிவிட்டு, “இதுல யாரும்மா வெற்றிச்செல்வி?” என்று நிமிர்ந்து பார்த்தாராம். அத்தையின் இடுப்பில் இருந்தபடி எச்சில் ஒழுகச் சிரித்திருக்கிறாள்.

அந்தப் பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரர் செல்லதுரை. அரிசி மில்லில் வேலை, கழகத்துக்காரர். அப்போது அவர்கள் ஆட்சிதான். அவருடைய அக்கா காத்தாயியோ செங்கொடிச் சங்கம். நான் அத்தாச்சி என்று கூப்பிடுவேன். ஒரே கூரையில் இரண்டு கொடி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இருக்காது. எனக்குக் கட்சி எதுவும் கிடையாது. டீச்சராக வேண்டும், அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த கொஞ்ச நாளிலேயே இவள் வயிற்றில் வந்துவிட்டாள். “புள்ளையா, படிப்பா, ஒண்ண முடிவு பண்ணிக்க” என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. அப்படிச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மில்லுக்குப் போகிற செல்லதுரையிடம் யாராவது இதைக் கேட்டார்களா? ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ரெண்டையும் நடத்தியது அத்தாச்சிதான். குழந்தைக்குப் புட்டிப்பால் ஆகாது. பாலாடையில் புகட்டினால் துப்புவாள். கீழப்படுகை என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் என்னைப் பாடம் நடத்திப் பழகப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தால் வந்துவிடலாம். மதிய மணி அடித்ததும் அத்தாச்சி குழந்தையோடு பள்ளிக்குப் பின்னால் வந்து நிற்பார். பயிற்சி மாணவி பள்ளிக்குக் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். அதனால் அவசர அவசரமாக, சுவர் மறைவில் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவேன்.

கடைசித் தேர்வு வந்தது. நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட வரும் அதிகாரிகளைக் கமிஷன் என்போம். எனக்கு மூன்றாம் வகுப்பு, மணி பார்க்கும் பாடம். கல்யாணப் புடவை வந்த அட்டைப் பெட்டியை வட்டமாக வெட்டி, எண்கள் எழுதி, சின்ன முள் பெரிய முள் இரண்டையும் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தேன். முள் சும்மா வழவழவென்று சுற்றும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து மிராசுதார் சம்பா அறுப்புக்கு லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். கூலி பேசி முடிக்காமல் வெளியாள் வயலில் இறங்கக் கூடாது என்று சங்கத்துப் பெண்கள் வரப்பை மறித்து உட்கார்ந்தார்கள்.

“எட்டிப் பாத்துட்டு நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்துடறேன் நீலா. நீ பாடத்த நெனச்சிக்கிட்டுப் போ” என்றார் அத்தாச்சி. குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. நான் நம்பிக்கொண்டு போனேன்.

கமிஷனில் இரண்டு பேர். தலைமை ஞானாம்பாள் அம்மாள். பக்கத்தில் தியாகேசன் சார். அம்மாள் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. என் முறை கடைசி. மதிய மணி அடித்தது, பின்பக்கம் ஓடினேன், அத்தாச்சி இல்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. ரவிக்கை நனைய ஆரம்பித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் போலீஸ் வேன் வந்து நின்றது. கைதான பெண்களை அடைத்து வைக்க அந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கள் பள்ளியை விட்டால் பெரிய கட்டடம் கிடையாது. கோஷம் போட்டுக்கொண்டே பெண்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் அத்தாச்சி. அவர் இடுப்பில் என் மகள், ஒரு கான்ஸ்டபிளின் விசில் கயிற்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டு. அந்த மனிதர் கயிறு அறுந்துவிடக் கூடாதே என்று கூடவே நடந்து வந்தார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். பெரிய கூடத்தைப் போலீசுக்குத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் சிலேட்டும் அட்டைக் கடிகாரமுமாக மூன்றாம் வகுப்பு வாசலில் நிற்கிறேன். உள்ளே ஒரு குஞ்சு இல்லை.

ஞானாம்பாள் அம்மாள் காகிதங்களைப் பையில் வைத்தார். “வகுப்பு இல்லாம எப்படிம்மா மார்க் போடறது? நாளைக்கு நாங்க வேற ஊர்ல இருக்கணும். அடுத்த வருஷம் எழுதிக்க.”

அடுத்த வருஷம். இன்னொரு வருஷம் பஸ்ஸும் வாய்க்கால் கரையும் சுவர் மறைவும். அதற்குள் ஊர் வாய் என்னவெல்லாம் சொல்லும். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். “வகுப்பு உள்ள உக்காந்திருக்குங்க அம்மா” என்று கூடத்தைக் காட்டினேன்.

தியாகேசன் சார் கண்ணாடியைச் சரிசெய்தார். “இது மூணாம் வகுப்புப் பாடமாச்சே.”

“அவங்க ஒண்ணாம் வகுப்புக்கே போனதில்லங்க சார். கைக்கடிகாரத்துல மணி பாக்க ஒருத்தருக்கும் தெரியாது.”

அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு வேனோடு வந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டார். யாரும் ஓடாமல் இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அவர். அம்மாள் என் பக்கம் திரும்பி, “ஆனா ஒண்ணு. முக்கால் மணி நேரம். பாதியில வகுப்பு கலைஞ்சா நான் மார்க் போட மாட்டேன்” என்றார்.

கூடத்துக்குள் நுழைந்தேன். எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள். என்னைப் பார்த்ததும் ஒரே கேலி. “டீச்சர் வந்துட்டாங்க, எந்திரிங்கடி” என்று வைரக்கண்ணு சொல்ல, அத்தனை பேரும் எழுந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வணக்கம் சொன்னார்கள். மூலையில் இருந்த அம்சம் மட்டும் எழவில்லை. வீட்டில் காய்ச்சலோடு பிள்ளையை விட்டு வந்தவள். “எங்களுக்கு எதுக்குடி மணி? சூரியன் போதாதா?” என்றாள்.

அட்டைக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். சின்ன முள் மணியைச் சொல்லும். பெரிய முள் நிமிஷத்தைச் சொல்லும். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் ஐந்து நிமிஷம். எல்லாரும் சேர்ந்து ஐந்து ஐந்தாக எண்ணினோம். கோஷம் போட்டுப் பழகிய தொண்டைகள். கூரை ஓடு அதிர்ந்தது. வெளியே நின்ற கான்ஸ்டபிள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்தில் என் மகள் வீரிட்டாள். காலையிலிருந்து பட்டினி. அத்தாச்சி தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், அடங்கவில்லை. அவள் அழ அழ எனக்குப் பால் பீறிட்டது. சட்டம் தெரியும், சட்டம் போட்டவர்களின் ஆட்களே எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். சரி, எது போனாலும் போகட்டும் என்று குழந்தையை வாங்கிக்கொண்டு பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். முந்தானைக்குள் அவளை விட்டேன். தியாகேசன் சார் சட்டென்று எழுந்து ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தை ஆராய ஆரம்பித்தார். நான் ஞானாம்பாள் அம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

“அத்தாச்சி, கடிகாரத்த நீங்க புடிங்க. பன்னெண்டு மணி வைங்க” என்றேன். அவர் எழுந்து நின்று இரண்டு முள்ளையும் மேலே நிறுத்தினார். முகம் மந்திரி மாதிரி இருந்தது.

வைரக்கண்ணுதான் முதலில் கேட்டாள். “சோத்துக்குக் கரையேறச் சொல்லி ஒரு மணி நேரம்னு போன வருஷம் பேசி முடிச்சாங்கல்ல. பன்னெண்டுக்கு ஏறினா திரும்ப எப்ப எறங்கணும்? முள்ள வச்சுக் காட்டு.”

அத்தாச்சி நான் சொல்லச் சொல்லப் பெரிய முள்ளை மெல்ல முழுச்சுற்றுக்குத் திருப்ப ஆரம்பித்தார். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முள் பாதிச் சுற்று வருவதற்குள்ளேயே ஒருத்தி சொன்னாள், “மிராசுதாரோட ஏஜெண்ட் தொரராசு இங்கயே எறங்கச் சொல்லிடுவாரு. அவரு கையில கட்டியிருக்குற கடியாரத்த நம்ம எங்க கண்டோம்.”

கூடம் கொதித்துவிட்டது. ஆளாளுக்கு எழுந்து வந்து முள்ளைத் திருப்பினார்கள். எட்டரை வை என்றால் வைத்தார்கள். ஒன்றே கால் என்றால் தப்பு வைத்து, பக்கத்தில் இருந்தவளிடம் திட்டு வாங்கி, சரியாக வைத்தார்கள்.  ரெண்டு வருஷம் படித்தது இதற்குத்தான் என்று தோன்றியது. மடியில் மகள் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர். “மிராசுதார் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கிட்டாரு. உங்கள விட்டாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.”

 ஞானாம்பாள் அம்மாள் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். பெண்கள் எழுந்தார்கள். எப்படி எழாமல் இருப்பார்கள்? எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் பசியோடு இருக்கும். நான் இருங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? அத்தாச்சி என்னைப் பார்த்தார்.  அம்சம்தான் முதல் ஆளாக முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலுக்குப் பக்கத்தில் ஞானாம்பாள் அம்மாளின் நாற்காலி. அதைத் தாண்டும்போது அம்சம் நின்றாள். அம்மாளின் கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாள்.

“பாடம் எப்பங்க முடியணும்?”

“பெரிய முள் ஒன்பதுக்கு வரணும்” என்றார் அம்மாள்.

அம்சம் இன்னும் குனிந்தாள். உதடு அசைந்தது. விரலால் அந்தக் குட்டிக் கண்ணாடியின் மேல் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாவினாள். ஐந்து. இன்னொரு தாவல். பத்து. அவளுக்கே நம்பிக்கை வராமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு நிமிர்ந்து, கூடத்தைப் பார்த்து, “ஏழுலதான்டி நிக்குது. இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு. குந்துங்க” என்றாள்.

முதலில் அவள்தான் உட்கார்ந்தாள், வாசற்படியை மறித்துக்கொண்டு. ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார்.

எனக்குக் கண்ணீர் மறைத்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் மகள் இருந்தாள். ஞானாம்பாள் அம்மாள் அம்சத்தின் விரல் பட்ட கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“மேல நடத்துங்க டீச்சர்” என்றார்.