வெள்ளை உதட்டுக்காரி

எங்கள் படகுத்துறையில் சாய்ந்து நிற்கும் வில்லோ மரத்தின் வேருக்குள் ஒரு திருடி குடியிருந்தாள். மிங்க். கீரி மாதிரி நீளமான உடம்பு, வறுத்த காப்பிக்கொட்டை நிறம். மேலுதடு, கீழுதடு இரண்டும் வெள்ளை, பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் வந்த பிள்ளை மாதிரி. நான் அவளை வெள்ளை உதட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் வரமாட்டாள், அது வேறு விஷயம்.

படகில் மீனைக் கொட்டிவிட்டு வாளி எடுக்கத் திரும்புவதற்குள் ஒன்று காணாமல் போயிருக்கும். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு மலானியாவின் நாய் அந்த வேருக்குள் மூக்கை விட்டது. அதன் தலை அளவுகூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு இவள் அந்த மூக்கைக் கடித்துத் தொங்கினாள். நாய் ஊளையிட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தது, அதற்கப்புறம் எங்கள் துறைப் பக்கமே தலை காட்டவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் மரியாதை. மரியாதை என்ன, ஆசை என்றே சொல்கிறேனே. அவள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? சத்தமே வராது. இந்தப் பக்கம் மூழ்குவாள், எங்கோ நாணலுக்கு நடுவில் நண்டோடு எழுந்திருப்பாள். இருபது வருஷமாகத் துடுப்புப் போடுகிற எனக்கே பொறாமையாக இருக்கும்.

இவள் இனத்தின் தோலைத்தான் எங்கள் ஆண்கள் ஒரு காலத்தில் குல்லாயாகத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். மிச்சம் பிழைத்ததை வலை பார்த்துக்கொள்கிறது. எங்கள் பைவலை குச்சி வளையங்கள் கோத்தது. உள்ளே போனால் திரும்ப வழியில்லை. மீனுக்கு அது போதும். மீனைத் துரத்திக்கொண்டு மூச்சு விடுகிற பிராணி ஏதாவது நுழைந்தால் அதோடு கதை முடிந்தது. அதனால் என் கணவர் அவெரியன் மட்டும் வலையின் வால் முனையை ஒரு கம்பில் கயிறு போட்டுத் தண்ணீருக்கு மேலே இழுத்துக் கட்டுவார். உள்ளே மாட்டியது அங்கே வந்து மூக்கை நீட்டிக்கொள்ளலாம். மற்ற மீனவர்களுக்கு இது பெரிய சிரிப்பு.

"திருடிக்கு ஜன்னல் வச்சுக் கொடுக்கிறான்யா அவெரியன்" என்பார்கள்.

அந்த வருஷம் திரித்துவத் திருநாளுக்கு டான்யூப் ஆறு நிறைந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் பழைய முறை வழிபாட்டை விடாத ரஷ்யர்கள். திருநாளுக்கு முந்தின மாலை மணி அடித்தது முதல் மறுநாள் மாலை மணி வரை துடுப்பைத் தொடக்கூடாது, வலையைத் தொடக்கூடாது. வலை தண்ணீரில் கிடக்கலாம். மீன் தானாக வந்து விழுந்தால் அது மீனின் பாடு. அதனால் எல்லோரும் மணிக்கு முன் அவசர அவசரமாக வலை போட்டுவிட்டு ஓடுவார்கள்.

அவெரியனுக்கு அந்த முறை அவசரம் இன்னும் கூடுதல். கோயிலில் முதல் குரல் பாடும் கலிஸ்ட்ராத் கிழவர் இருமல் முற்றிப் படுத்துவிட்டார். இந்தத் திருநாளுக்கு என் கணவர்தான் முதல் குரல். அந்த இடத்துக்காக அவர் வாயைத் திறந்து கேட்டதில்லை, ஆனால் எத்தனை வருஷம் அதற்காக ஏங்கினார் என்று எனக்குத் தெரியும். படகில் தனியாகப் போகும்போது முணுமுணுத்துப் பழகுவார். நான் கேட்டுவிட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்.

திருநாள் காலை அவர் முன்னாலேயே போய்விட்டார். தேநீருக்குத் தண்ணீர் மொள்ள நான் துறைக்கு இறங்கினேன். வேருக்குள் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பகலில் அவள் அவற்றைக் கத்தவிடமாட்டாள். கரையோரமாக நாணல் வளைவு வரை போய் எங்கள் வலையைப் பார்த்தேன். கம்பு இருந்தது, கம்பில் கயிறு இல்லை. மணிச் சத்தம் கேட்டதும் மனுஷன் வால் முனையை ஒரு நாணல் குத்தின்மேல் சும்மா போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். இரவெல்லாம் ஏறிய தண்ணீரில் அந்த நாணல் சாய்ந்துகொண்டிருந்தது. வலையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

வாளியை அங்கேயே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். உள்ளே தரையெல்லாம் பசும்புல், சுவரெல்லாம் வில்லோ கிளை. பெண்கள் பின்னால், ஆண்கள் முன்னால், அதற்கும் முன்னால் பாடகர் மேடை. நடுவில் புகுந்து போக முடியாது. மலானியாவின் காதில் சொன்னேன்.

"கயிறு கட்டலன்னு அவெரியன்கிட்ட சொல்லச் சொல்லு."

"என்ன கயிறு?"

"நீ சொல்லுடி. அவருக்குப் புரியும்."

"பூசை நேரத்துல கயிறாம். உனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு ஜினோவியா" என்று சொல்லிக்கொண்டே அவள் முன்வரிசைக்குக் குனிந்தாள். எந்தப் பேச்சையும் மலானியா தன்னோடு நிறுத்திக்கொண்டதில்லை. செய்தி முக்காட்டிலிருந்து முக்காட்டுக்குப் போனது, பிறகு தாடியிலிருந்து தாடிக்கு. கடைசியாக மேடையருகே ஒருவர் குனிந்து சொன்னதைப் பார்த்தேன். அவெரியனின் முதுகு அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடு ராசா, நன்றாகப் பாடு என்று மனசுக்குள் திட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு ஓடிக் கத்தியை எடுத்தேன், படகை அவிழ்த்தேன், துடுப்பைப் போட்டேன். பாவம் வந்தால் வரட்டும்.

நாணல் வளைவைத் தாண்டியதும் பாட்டு கேட்டது.

திருநாள் பாட்டு. வலைக்குப் பக்கத்தில் அவெரியன் மார்பளவு தண்ணீரில், நான் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கோயிலின் பக்கவாசல் வழியாக வெளியேறி, சேற்றில் நடந்தே வந்திருக்கிறார். வலையின் வால் அவர் தோளில் கிடந்தது. அதற்குள், மீன்களின்மேல் கால் ஊன்றிக்கொண்டு, வெள்ளை உதடு இரண்டும் வலைக்கண்ணில் அழுந்த அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கோயிலில் நான் அவர் குரலை எப்போதும் மற்றவர்களின் குரலோடு சேர்த்தே கேட்டிருக்கிறேன். தனியாகக் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"என்னய்யா பண்றே இங்க?"

பாட்டை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நிக்கிறேன்."

"வலையைத் தூக்கிட்டு நிக்கிறே."

"தூக்கல. தோள்ல கிடக்குது. நிக்கிறது வேலையில்ல. கோயில்லயும் நின்னுட்டுதான் இருந்தேன்."

"சாயங்கால மணி வரைக்குமா?"

"மணி அடிச்சதும் அவுத்து விட்டுடுறேன்."

"குட்டிங்க காலையிலேருந்து பால் இல்லாம கத்துது. அதுங்களுக்கு உன் மணி தெரியுமா?"

 அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. வலையை அவிழ்க்கவும் மாட்டார், விட்டுவிட்டுப் போகவும் மாட்டார். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய?

"அப்படியே நில்லு. ஆடாதே" என்று படகை ஒட்டி நிறுத்தினேன். "துடுப்புப் போட்டு வந்தவ நான். பாவம் ஏற்கெனவே என் கணக்குலதான். இதுவும் சேரட்டும்."

வால் முடிச்சு ஊறி இறுகிப்போயிருந்தது. கத்தியால் அறுத்தேன். விரித்துப் பிடித்த என் கட்டைவிரலில், எலும்பு வரைக்கும் ஒரு கடி. கடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அவெரியனின் தோள்மேல் ஏறி, அவர் தாடியை மிதித்து, தண்ணீரில் போனாள். சத்தமே வரவில்லை. கொஞ்ச தூரத்தில் எழுந்தபோது வாயில் ஒரு மீன்.

"நம்ம மீனு" என்றார் அவெரியன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

பாதிரியார் நல்லவர், ஆனால் சட்டம் அவருக்கும் மேலே. கோயிலில் நிற்க வேண்டியவன் ஆற்றில் நின்றது ஏன் என்று அன்று மதியமே எல்லார் முன்னாலும் கேட்டார்.  மேடையிலிருந்து அவெரியனை இறக்கி, பின்வரிசையில் வாய் திறக்காமல் நிற்கச் சொன்னார்கள், ஒரு வருஷம். முதல் குரல் வேறொருவருக்குப் போனது. எனக்குத் தினமும் தரையில் விழுந்து கும்பிடுகிற தண்டனை. கட்டு போட்ட விரலோடு அதைச் செய்து பார்த்தால் தெரியும்.

அன்று மாலை இருவரும் துறையில் உட்கார்ந்திருந்தோம். வேருக்குள்ளிருந்து அவள் வந்தாள், வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு. தலையை உயர்த்தி, குட்டி நனையாமல், துறைக்கு முன்னால் ஓடும் ஆற்றுக் கால்வாயைக் குறுக்கே நீந்திப் போனாள். வெறும் வாயோடு திரும்பி வந்தாள். அடுத்த குட்டி. எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"வீட்டைக் காலி பண்றா" என்றார் அவெரியன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னால் என் புருஷன் பாட்டை இழந்தான், உனக்கு எங்களைப் பிடிக்கவில்லையா என்று அவளைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் மாட்டியது எங்கள் வலையில்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் புத்திசாலி.

கடைசிக் குட்டியும் அக்கரை நாணலுக்குள் மறைந்தபோது மாலை மணி அடித்தது. அவெரியன் எழுந்து படகை அவிழ்த்தார். அந்தப் பக்கம் எங்களுக்கு நான்கு வலைகள் இருந்தன.

"எங்க போறே?"

"அக்கரை வலையெல்லாம் எடுத்துடுறேன். இனிமே அங்க போடல."

"அங்கதான்யா மீனே இருக்கு."

"அதனாலதான் அவ அங்க போறா" என்று சொல்லிவிட்டு அவர் துடுப்பைப் போட்டார்.