நாளே பா எழுதிய சுவர்

அந்தக் காலத்தில் பெங்களூரே ஒரு பேய்க்குப் பயந்து கிடந்தது. அந்தி சாய்ந்ததும் தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். கதவைத் திறந்தால் ஆள் காலியாம். அதனால் வீட்டுக்கு வீடு கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். பேயும் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். என்ன மரியாதையான பேய் பாருங்கள்!

சரளா வீட்டு காம்பவுண்டுச் சுவரில் அதை எழுதியவன் அவள் புருஷன் கோவிந்தன். சிரித்துக்கொண்டேதான் எழுதினான். மறுமாதமே போய்ச் சேர்ந்தான். லேஅவுட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே வழியை அடைத்துக்கொண்டு ஒரு முட்டுச்சுவர். அதைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் நடந்து வந்தவனை லாரி அடித்துப் போட்டது. மனுஷன் நடக்க ஓரடி இடமில்லாத பாழாய்ப்போன ரோடு அது.

அன்றிலிருந்து அந்தியானால் வாசலில் "சரளா" என்று அவன் குரல் கேட்டது. அவள் கதவைத் திறக்கவில்லை. எழுத்தையும் அழிக்கவில்லை. ஊருக்கு அது விரட்டுகிற எழுத்து. அவளுக்கு அதுவே அழைப்பு. அது இருக்கிறவரை அவன் நாளைக்கும் வருவான் அல்லவா?

ஒருநாள் அசோசியேஷன் செக்ரட்டரி சீனிவாசராகவன் வந்து நின்றார். "முட்டுச்சுவரை இடிக்கிறோம்மா. நடக்கறதுக்குக் கல் பாவி, பெஞ்சு போடறோம். எல்லா காம்பவுண்டையும் இடுப்பளவுக்குக் குறைக்கணும். அப்பத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்."

"என் சுவரை மட்டும் விட்டுடுங்க சார்."

"உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதானம்மா இவ்வளவும்."

சரளா தலையாட்டினாள். முட்டுச்சுவர் போய், கல் பாவி, பெஞ்சு போட்ட பிறகு கடைசியாக அவள் சுவரையும் குறைத்தார்கள்; கோவிந்தனின் எழுத்து செங்கல் துண்டுகளாக டெம்போவில் போயிற்று.

அன்று அந்தியில் வாசலில் குரல் கேட்டது. "சரளா!"

யார் குரல் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. இனி நாளை கிடையாது, இன்று விட்டால் போச்சு. செத்தாலும் சாகிறேன் என்று கதவைத் திறந்தாள்.

எதிர்வீட்டு மௌரீன் நின்றிருந்தாள். "வாக்கிங் வரியா? எத்தனை தடவை உன் வாசல் கேட் வரைக்கும் வந்திருக்கேன் தெரியுமா? அந்த எழுத்தைப் பார்த்தா கூப்பிட மனசு வராது, திரும்பிப் போயிடுவேன்."

சரளா அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். அவன் இல்லையே! ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். புது பெஞ்சுகளில் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முட்டுச்சுவர் இருந்த இடத்தைத் தாண்டும்போது காதோரம் அதே குரல், அதே சிரிப்பு.

"நாளே பா, சரளா."

"ஏன் நின்னுட்டே?" என்றாள் மௌரீன். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் சரளா. "நாளைக்கும் இந்த வழியா வரலாமா?"