மணியத்தின் மழைச்சட்டை

பழனியாண்டிக் கங்காணி சைக்கிளை விட்டு இறங்கியபோது பிச்சையம்மாளின் கண்ணில் முதலில் பட்டது அவனுடைய இடது கைதான். மழைச்சட்டையின் வலக்கை மணிக்கட்டோடு அளவாக நின்றது. இடக்கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. அதை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டே அவன் ரப்பர் பால் கொட்டகைக்குள் நுழைந்தான். பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றிருந்த அறுபது எழுபது பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஜெராய் மலை இருந்த திசையில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பீடோங்கிலிருந்து நாலு மைல், ட்யூப் இல்லாமல் கித்தா என்கிற ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிய சக்கரத்தில் மிதித்து வந்தவன், உடம்பில் ஒரு பொட்டு ஈரமில்லாமல் வந்து நின்றான். வந்ததும் வராததுமாகப் பீற்றலும் ஆரம்பமாகிவிட்டது.

"பாத்தீங்களா? எம்மாம் மழை! ஒரு சொட்டு உள்ள போவல லா. சைக்கிள்ல போறவனுக்கு இந்த மாரி ஒரு சட்டை இருந்தா போதும், ராஜா மாரி போயி ராஜா மாரி வரலாம்."

அந்த இடக்கையை அப்படி நீளமாக வெட்டியவள் பிச்சையம்மாள்தான். அவள் புருசன் மணியத்துக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ரப்பர் ஷீட்டு உருட்டும் மெஷினில் நசுங்கிப் போனவை. குளிர் பட்டால் அந்த மிச்சக் கை விண் விண்ணென்று தெறிக்கும். மழைக்காலத்தில் அதைத் தொடைக்கு இடையில் வைத்து அழுத்திக்கொண்டுதான் தூங்குவான். அந்தக் கை முழுக்க மூடிக் கிடக்கட்டும் என்று ஒரு சாண் கூட விட்டு வெட்டினாள். தோட்டத்தில் கித்தாவில் சட்டை செய்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாகச் செய்த பைத்தியக்காரி அவள் ஒருத்திதான்.

பத்து மாதத்துக்கு முன்னால் இதே கொட்டகையில் இதே பழனியாண்டிதான் ஜப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் ரோடு போடப் போகிறவர்களின் பெயரைப் படித்தான். நாற்பத்தியோரு பேர். மூன்றே மாதம், வேலை முடிந்ததும் வந்துவிடலாம் என்றான். அதோடு விட்டானா? என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியலும் படித்தான். "அங்க ஒரே மலை. நம்ம ஜெராய் மாரி பத்து ஜெராய் வரிசையா நிக்கும். தடிச்ச சட்டை, கம்பளி, டயர் செருப்பு, மழைக்குப் போட்டுக்க ஏதாச்சும், எல்லாம் நல்லதாப் பாத்து எடுத்துக்குங்க. பேரை எழுதி மூட்டையாக் கட்டிட்டு வாங்க. குளிர்ல வெறைச்சுப் போனா என்னைக் கேக்கக் கூடாது" என்றான். தோட்டத்து ஜனங்களுக்குத் தெரிந்த மலை உலகத்திலேயே ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெராய் உச்சியிலிருந்த பங்களாவுக்குச் சாமான் சுமந்த இரண்டு பேர், அங்கே பகலிலேயே பல் தந்தியடிக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறார்கள். சயாம் மலைக்காடு புழுங்குமா குளிருமா என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு வாரம் லயத்து வீடுகள் முழுக்க இதே பேச்சு. கார் டயரில் வெட்டிய செருப்பு நல்லதா, லாரி டயரில் வெட்டியதா என்று ஆண்கள் சண்டை போட்டார்கள். லாரி டயர் கல்லில் வழுக்காது, ஆனால் கனம், ஏற்றத்தில் காலை இழுக்கும் என்றான் மணியம். கடைசியில் கார் டயரையே எடுத்தான். இரட்டைச் சாக்கில் கம்பளி தைத்தவர்கள், மாட்டுத் தோலில் இடுப்புவார் அறுத்தவர்கள், வெள்ளைக்கார துரை விட்டுவிட்டு ஓடிய திரைச்சீலையைக் கால்சட்டை ஆக்கியவர்கள் என்று ஆளுக்கொரு வேலை.

ஜப்பான்காரன் வந்த பிறகு கடையில் துணி கிடைப்பதில்லை, பிச்சையம்மாளிடமும் துணியே இல்லை. சாக்கில் பால் பூசினால் ஓட்டை வழியாக ஒழுகிவிடும், நெருக்கமான நூலாக இருந்தால்தான் பால் பிடிக்கும். பெட்டியில் ஒன்று இருந்தது. அவளுடைய கல்யாணக் கூறை. யோசிக்கவே இல்லை அவள், எடுத்து வெட்டினாள். சட்டையாகத் தைத்து, மூங்கிலில் விரித்துக் கட்டி, ஒவ்வொரு மரத்தடியிலும் பால் வடிந்து நிற்கும் மங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிச் சேர்த்த பாலை ஆறு தடவை பூசினாள். சிவப்புச் சேலையைப் போட்டுக்கொண்டு போனால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று உள்பக்கமும் நிறம் தெரியாதபடி பூசினாள். ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைவீட்டில் நாலு நாள் தொங்கவிட்டு எடுத்தபோது அது கறுத்துத் தோல்போல இருந்தது. மணியம் போட்டுப் பார்த்து, இடது கையை ஆட்டிக் காட்டி, "ஆனைத் தும்பிக்கை மாரி இருக்குடி" என்று சிரித்தான். மறுநாள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பீடோங் ஸ்டேஷனுக்குப் போனான்.

அப்புறம் ஒரு கடுதாசி இல்லை, ஒரு வாய்ச்சொல் இல்லை. பிச்சையம்மாள் அரையில் சாக்கும் மேலே கிழிசல் ரவிக்கையுமாக மரவள்ளி நட்டாள், கிழங்கு அவித்துத் தின்றாள். மழை கொட்டும்போதெல்லாம் ஒரே ஒரு நினைப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் இப்படிக் கொட்டும், ஆனாலும் அவர் நனைய மாட்டார். பத்து மாதமாக அவளைத் தூங்க வைத்தது அதுதான். அந்த நினைப்பு இப்போது கங்காணியின் தோளில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

மணியம் செத்துவிட்டானா? செத்தவன் சட்டையை யாராவது கொண்டுவந்து இவனிடம் விற்றார்களா? பழனியாண்டி அந்த ஆட்களை ரயிலேற்றிவிட்டு, அன்று ராத்திரியே ஒரு மாட்டுவண்டியோடு வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன், அதன் பிறகு தோட்டத்துப் பக்கமே வரவில்லை. பீடோங்கில் ஜப்பான்காரன் ஆபீசில் வேலை என்று அங்கேயே தங்கிவிட்டான். தோட்டத்து முனையில் அவன் வீடு பத்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறான். வந்த காரியமும் உடனே தெரிந்துவிட்டது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து, சயாமுக்கு இரண்டாவது ஆள் பட்டியலைப் படிக்கத் தொடங்கினான். ஏழாவது பெயர் அழகேசன். பிச்சையம்மாளின் கூடப் பிறந்த தம்பி.

"லாரி பத்து மணிக்கு வரும். மலைப் பக்கம், குளிரும், மறந்துறாதீங்க. தடிச்ச துணி, நல்ல செருப்பு, மழைக்கு ஏதாச்சும்... எல்லாத்தையும் பேரு எழுதி மூட்டையாக் கட்டி..."

"கங்காணி" என்றாள் பிச்சையம்மாள். "அந்தச் சட்டை ஏதுங்க?"

பழனியாண்டி அவளை ஏறிட்டுப் பார்த்தான். யார் இவள் என்று அவன் மனதுக்குள் தேடுவது முகத்திலேயே தெரிந்தது. அது யாருடைய சட்டை என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது அப்போதுதான்.

"பாசார்ல வாங்குனது. உனக்கு என்ன புள்ள வந்துச்சு?"

"பாசார்ல வாங்குனீங்களா. அப்ப உள்ள என்ன துணி வச்சுத் தைச்சிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"கித்தாச் சட்டைக்குள்ள என்ன இருக்கும்? கித்தாதான். போய் உன் எடத்துல நில்லு."

அவள் நிற்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த பால் வெட்டும் உளியை உருவிக்கொண்டு நேராக அவன் முன்னால் போனாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். பழனியாண்டி பின்வாங்குவதற்குள் அந்த நீளக் கையைப் பிடித்து, இருபது வருசமாக மரப்பட்டையில் இழுத்த அதே சாய்வில், தோளிலிருந்து முழங்கை வரை மேலாக ஓர் இழுப்பு இழுத்தாள். அவன் சதையில் கீறல்கூட விழவில்லை. கறுப்புக் கித்தா விரிந்து, அதற்குள்ளிருந்து சிவப்பு தெரிந்தது. மஞ்சள் கோடு போட்ட அரக்குச் சிவப்பு. அந்தக் கல்யாணத்தில் சோறு தின்றவர்கள் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

"என் கூறை" என்றாள். "எம் புருசனுக்கு நான் தைச்சுக் குடுத்தது. அவரு எங்க?"

பழனியாண்டி கிழிந்த சட்டைக்கையைப் பொத்திக்கொண்டான். முதலில் ஜப்பான்காரனிடம் சொல்லித் தலையை வெட்டச் சொல்லுவேன் என்று கத்தினான். யாரும் நகராததைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"இந்தா, நான் ஒண்ணும் திருடல. ஸ்டேஷன்ல ஜப்பான்காரன் மூட்டை ஏத்தக் கூடாதுன்னுட்டான். வண்டியில ஆளு நிக்கவே எடமில்ல. எல்லாரும் அப்படியே போட்டுட்டுத்தான் ஏறுனாங்க. நான் என்ன செய்யறது? வீணாப் போவுதேன்னு வூட்டுல எடுத்து வச்சேன், அவ்வளவுதான்."

"எல்லாருமா?" என்றாள் பக்கத்து வீட்டுக் குணவதி. அவள் மகன் பரஞ்சோதியும் அந்த நாற்பத்தியோரு பேரில் ஒருவன்.

பழனியாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வந்த வார்த்தை வந்ததுதான். பிச்சையம்மாள் எண்ணிப் பார்த்தாள். பத்து மாதம். பத்து மாதமாக ஒவ்வொரு மழைக்கும் அவர் நனைய மாட்டார், அவர் நனைய மாட்டார் என்று சொல்லிச் சொல்லிப் படுத்தாளே! மணியம் ரயிலேறும்போதே வெறும் பனியனோடுதான் ஏறியிருக்கிறான். அந்தச் சட்டை பீடோங்கைத் தாண்டவே இல்லை. இந்த நாய் அதைப் போட்டுக்கொண்டு, நனையாமல் சைக்கிள் மிதித்து, ஆபீசுக்குப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

"வண்டியில மூட்டை ஏத்த விடமாட்டான்னு உனக்குத் தெரியும்" என்றாள். அவள் அவனை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை. "தெரிஞ்சும் இன்னிக்கு எதுக்குடா பட்டியல் படிச்ச? தடிச்ச துணி, நல்ல செருப்புன்னு எதுக்குடா படிச்ச?"

பழனியாண்டி சைக்கிளை நோக்கி ஓடினான். அழகேசன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெண்கள் யாரும் கங்காணியை அடிக்கக்கூட நிற்கவில்லை. குணவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். தோட்டத்து முனையில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு எல்லாரும் போன வேகத்தில், பழனியாண்டி "லாரி வந்துரும், எல்லாரும் சாவப் போறீங்க" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது யார் காதிலும் விழவில்லை. பூட்டை உடைக்க இரண்டு மண்வெட்டி அடி போதுமாக இருந்தது.

உள் அறையில் இடுப்பு உயரத்துக்கு மூட்டைகள். விற்றது போக மிச்சம் இருந்தது பத்தொன்பது. பலவற்றில் கட்டின முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. சுண்ணாம்பால் எழுதிய பெயர்கள் பூஞ்சையோடு சேர்ந்து வெளுத்துக் கிடந்தன. ஆளாளுக்குப் பாய்ந்து இழுக்கப் போனபோது பிச்சையம்மாள் வாசலை மறித்து நின்றாள். "ஒவ்வொண்ணா எடுப்போம். அழகேசா, நீதான் படிச்சவன், பேரைப் படி. சத்தமாப் படி."

அழகேசன் முதல் மூட்டையைத் தூக்கி, "பரஞ்சோதி" என்றான். குணவதி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். வாங்கி மோந்து பார்த்தாள். அழவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் மழையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பெயருக்கு ஒரு தகப்பன் வந்தான். அதற்கடுத்ததற்கு இரண்டு பெண்டாட்டியும் சேர்ந்து வந்தார்கள். பிச்சையம்மாளுக்கு வாங்க ஒன்றும் இல்லை. அவள் உளியைக் கையில் பிடித்தபடி வாசல் நிலையிலேயே நின்றாள். பட்டியலில் பெயர் இருந்த ஆண்கள், மூட்டை கட்ட லயத்துக்குப் போக வேண்டியவர்கள், ஒருவரும் போகவில்லை.

"முருகையா" என்று படித்தான் அழகேசன்.

யாரும் வரவில்லை. முருகையா போன மூன்றாம் மாதம் அவன் பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளைகள் அவளுக்கு முன்பே. அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை. அழகேசன் மூட்டையைக் கீழே வைக்கக் குனிந்தான். அப்போது பெரிய ரோட்டுப் பக்கமிருந்து, மழையை மீறிக்கொண்டு, லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. பழனியாண்டி தலையைத் தூக்கினான். கூட்டம் அசையவில்லை.

"கீழ வைக்காதடா" என்றாள் பிச்சையம்மாள். "மறுபடி கூப்புடு."

"அக்கா, அவங்க வூட்டுல யாரும்..."

"கூப்புடுடா. லாரியில வர்றவனுக்கும் கேக்கட்டும்."

அழகேசன் மூட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாரி வரும் திசையைப் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டான்.