எத்தனை வார்த்தை

டாக்டர் இறந்து இரண்டு வாரம் கழித்து, மலை கிளினிக் சிஸ்டர் மூன்று பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனாள். ஆறு வருஷப் பழக்கம், ஒருநாள்கூட நேரில் பார்த்ததில்லை. அவர் நகரத்தில் உட்கார்ந்து வீடியோ போனில் வைத்தியம் சொல்வார். மலையில் அவருக்குக் கையும் கண்ணும் இவள்தான்.

முதல் வாரமே சொல்லிவிட்டார்: "மூச்சு வாங்குதுன்னு யார் வந்தாலும் முதல்ல பேச்சுக் குடுங்க சிஸ்டர். ஒரே மூச்சுல எத்தனை வார்த்தை வருதுன்னு எண்ணுங்க. குறையக் குறைய ஆபத்து." அன்றிலிருந்து இவள் எண்ணாத நோயாளி இல்லை.

மனுஷன் சரியான வாயாடி. மாத்திரை பேர் கேட்டால் மாமியார் கதை வரைக்கும் போவார். அப்பேர்ப்பட்டவர் கடைசி இரண்டு மாதம் வீடியோவை அணைத்துவிட்டு, "சரி, குடுங்க", "நாளைக்குப் பாப்போம்" என்று முடித்துக்கொண்டார். இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படியென்ன தலைக்கனம்? ரோஷக்காரி ஆயிற்றே, இவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசி நாள் அவராகவே கூப்பிட்டு "சிஸ்டர்..." என்று இழுத்தபோது, "வேலை இருக்கு டாக்டர்" என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள். மறுநாள் வேறு டாக்டர் பேசினார்; அவர் ராத்திரியே இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார்.

என்ன கோபத்தோடு போனாரோ என்று நினைத்து நினைத்தே இவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தாள்.

குரலை வைத்தே அவர் மனைவி கண்டுகொண்டாள். உள்ளே மேஜையில் லேப்டாப்; கேமராவின் மேல் பிளாஸ்டர். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்.

"அவருக்கு என் மேல கோபமாக்கா?"

"உங்க மேலயா? நுரையீரல் போயிடுச்சும்மா. ரெண்டு வார்த்தைக்கு மேல மூச்சு நிக்கல. வேலையை விடுங்கன்னா கேட்டாத்தானே! உங்க போன்னா மட்டும் பயம். 'சிஸ்டர் எண்ணிடுவாங்க'ம்பார். பேசி முடிச்சதும், 'இன்னைக்கும் எண்ணலை'ன்னு சிரிப்பார்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி நாள் உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் கூப்பிட்டார். அன்னைக்கு மட்டும் சிரிக்கலை."

சிஸ்டரின் விரல்கள் தானாக மடங்கின. சரி, குடுங்க. இரண்டு. நாளைக்குப் பாப்போம். இரண்டு. சிஸ்டர். ஒன்று.

"ஐயோ, பாவி நான், இப்ப எண்ணுறேனே டாக்டர்!" என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.