நெருப்பில்லாமல் காய்ச்சிய பால்

...நெருப்பே இல்லை, பிறகு எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று மனோகரிக்குப் புரியவில்லை, கறுப்புக் கண்ணாடி மின் அடுப்பில் பால் சட்டி சும்மா வைத்த மாதிரி இருந்தது, புதுக் கடை, நாளை திறப்பு, கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் போதும், அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் கணவர் குகதாசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஓர்லிகோன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபது வருசம் காஸ் நெருப்பில் கொத்துரொட்டி போட்ட மனிதர், இன்று பால் சரிவராவிட்டால் கடையே வேண்டாம், பழைய முதலாளியிடமே திரும்பிப் போய்விடுவேன் என்று காலையில் சொல்லிவிட்டார், சொன்னால் செய்கிறவர்தான்... அவர் போய்விட்டால் இந்தக் கடையை அவள் தனியே எப்படி நடத்துவது? எல்லாம் அந்தச் சட்டத்தால். கன்ரோன் என்கிற இந்த மாநிலத்தில் வாக்கெடுப்பு வைத்து, இனிமேல் புதிதாக எரிவாயுக் குழாய் நீட்டுவதில்லை என்று முடிவாயிற்று, தெருமுனைவரை வந்த குழாய் கடைக்குள் வராது, சிலிண்டர் வைக்கக் கட்டடக்காரர் விடமாட்டார். அன்று தொடங்கியது அவர் திட்டு, தேத்தண்ணி குடிக்கும்போது திட்டு, கார் ஓட்டும்போது திட்டு, எந்த விசரன் இதுக்கு ஓம் எண்டு போட்டவன் என்று... அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். குடியுரிமை கிடைத்து அவள் போட்ட முதல் வாக்கு அது. மகள் சிவானுஜா சொல்லித்தான் போட்டேன் என்று சொல்லித் தப்பலாமா? இல்லை, அவளே யோசித்துத்தான் போட்டாள், பனி விழாத மார்கழிகளைக் கண்டு பயந்துதான், இன்று கேட்டாலும் அப்படித்தான் போடுவாள்.

பால் சத்தமில்லாமல் எழும்பியது, நுரை கிழக்குப் பக்கமே சரிந்து கண்ணாடியில் வழிந்தது, அவள் கைகூப்பும் முன்னே அடுப்பு கீக் கீக் என்று கத்திவிட்டுத் தானாக நின்றுவிட்டது. பால் அடங்கிக் கீழே இறங்கியது. மேலே ஏதாவது சிந்தினால் இது நின்றுவிடும் என்று விற்றவன் சொன்னது இப்போதுதான் நினைவு வந்தது, பொங்கி வழியட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிற சனங்கள் உலகத்தில் உண்டென்று அடுப்புச் செய்தவனுக்கு எங்கே தெரியும்... இது பொங்கியதாகுமா, ஆகாதா? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "நான் ஓம் எண்டுதான் போட்டனான்," என்றாள்.

"தெரியும்," என்றார் குகதாசன், துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தபடி. "நான் பேசேக்குள்ள நீ ஒருநாளும் வாய் திறக்கேல்லையே."

பிறகு அடுப்பை மறுபடி போட்டுவிட்டு, மற்றப் பால் பெட்டியை எடுக்கச் சொன்னார். போகவில்லை, நிற்கிறார்... அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். அப்படியென்றால் இத்தனை மாதமும் அவர் திட்டியது கன்ரோனை இல்லை, அவளைத்தான், அவளை எதிரே வைத்துக்கொண்டே, அவள் தானாகச் சொல்லட்டும் என்றா, சொல்லாமல் கிடந்து வேகட்டும் என்றா... கையில் பால் குளிர்ந்தது, பெட்டியைத் திறந்து சட்டியில் ஊற்றினாள்.