மந்தம் என்று ஒரு முகம்

சூட்கேஸ் கடைக்காரருக்கு வாய்தான் முதல். சரக்கு கம்பெனிக்காரனுடையது, கட்டடம் வாடகைக்கு. வாய் மட்டும்தான் சொந்தம். சக்கரம் சரியாகச் சுழலாத பெட்டியைக்கூட, "படியில வச்சாலும் அசையாம நிக்கும், ஓடிப் போயிடாதுங்க" என்று விற்றுவிடுவார். நாள் முழுக்க இப்படித் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிவிட்டு வருகிறவர் வீட்டிலாவது ஓய்வாரா என்றால், அதுதான் இல்லை. இன்று யார் வந்தார்கள், பேரம் எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது, யார் கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்கள் என்று மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

மனைவி காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். தடித்த சுவர் வைத்த சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்கிற வேலை. "நாள் முழுக்க 'கேக்குதா, கேக்குதா'ன்னு அடுத்தவங்களைக் கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா கேக்கறது என் முறை" என்பாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கிவிட்டாளோ என்று இவர் சந்தேகப்பட்டு நிறுத்தினால், "அப்புறம் அந்தப் பச்சைப் பை என்ன ஆச்சு?" என்று குரல் வரும்.

அப்படிப்பட்டவளுக்கு வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. காதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகளுக்குச் சத்தத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. பல வருடமாக அவள் ஆசைப்பட்டது. முதல் மாதம் வெள்ளோட்டம், அதன் பிறகுதான் கையெழுத்து.

கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்தாற்போல நாலு நாள் பிரிந்ததில்லை. பெட்டியில் துணி அடுக்கும்போதே அவள் கணக்கைச் சொல்லிவிட்டாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். நீங்க நல்லா இருந்தா கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா பெட்டியோட திரும்பி வந்துடுவேன்."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா தைரியமா விட்டுட்டுப் போகலாம். அழுதா வெளியில தெரியும்."

"சரி, சாயங்காலமானா கடைக் கதையை நான் யார்கிட்ட சொல்றது?"

"எழுதி வைங்க. எனக்கு ராத்திரியும் வகுப்பு இருக்கு, போனைப் பிடிச்சுட்டு உக்கார முடியாது. வந்ததும் மொத்தமாப் படிச்சுக்கறேன்."

அவருடைய கையெழுத்தை அவரைத் தவிர யாரும் படிக்க முடியாது. அவராலும் மை காய்வதற்குள்தான் முடியும். ஆகவே போனில் எழுதுவது என்று முடிவாயிற்று. டைரி எழுதச் செயலி ஒன்று வேண்டும். அவ்வளவுதானே என்று தேடியவருக்குச் சந்தை விரிந்தது பாருங்கள், ஒரு தெரு நிறையக் கடை!

முதல் செயலி ஒரு செடியைக் கொடுத்தது. தினமும் எழுதினால் வளருமாம், ஒருநாள் விட்டால் வாடுமாம். "எழுத வந்தவன்கிட்ட தோட்ட வேலை வாங்கறான்" என்று அதை அழித்தார். இரண்டாவது, காலையில் எழுந்ததும் புத்திமதி சொன்னது. மூன்றாவதில் எழுத்துக்கு நாற்பது அலங்காரம், பக்கத்துக்கு நூறு வண்ணம், ஒட்டுவதற்குப் பூனைப் படங்கள். ஒரு வரி எழுதுவதற்குள் கண்ணைக் கட்டியது. நான்காவது, "இன்று யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்டது.

"நான் ஏன் சொல்லணும்? வாங்கிட்டுப் போனவங்கதானே சொல்லணும்?" என்றார் பக்கத்துக் கடைக்காரரிடம்.

பக்கத்துக் கடைக்காரர் சாவி செய்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சாவி'தான். தேய்த்த சாவியை ஊதிக்கொண்டே, "அண்ணே, பொண்ணு பாக்கறவன்கூட இவ்வளவு தட்டிக் கழிக்க மாட்டான்" என்றார்.

ஐந்தாவது செயலி சந்தா கேட்டது. இங்கேதான் கடைக்காரருக்கு உயிர் வந்தது. உதவிப் பெட்டியைத் திறந்து, 'கடைசி விலை என்ன?' என்று எழுதினார். 'உங்கள் மகிழ்ச்சியே எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. 'அது இருக்கட்டும், கடைசி விலை?' மறுபடியும் அதே மகிழ்ச்சி. அவர் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். மறுநாள் காலை, 'உங்களைக் காணாமல் வருந்துகிறோம், பாதி விலைக்குத் தருகிறோம்' என்று செய்தி வந்து நின்றது.

"பாத்தியா சாவி! முதுகைக் காட்டினா இறங்கி வரான் பாரு!"

"அப்போ வாங்கிட்டீங்களா?"

"எதுக்கு? பேரம் முடிஞ்சுதே."

மனைவி ரயிலேறி மூன்று நாளாகியும் ஒரு வரிகூட எழுதியபாடில்லை. அன்று கடைக்கு வந்த ஒரு பெண், இரண்டு நாள் பயணத்துக்கு ஆளுயரப் பெட்டியைக் காட்டச் சொன்னாள். "தங்கறது ரெண்டு நாள், எதுக்கும்மா இவ்வளவு பெரிசு? பெட்டியைத் தூக்கவே ஒரு நாள் போயிடும். இந்தச் சின்னப் பை போதும், நாலு உடுப்பு, ஒரு சீப்பு" என்று இவரே சொன்னார். சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது. பையைக் கட்டிக் கொடுத்துவிட்டு முதல் வேலையாகப் போனை எடுத்து, இருப்பதிலேயே மிகச் சின்னதாக ஒரு செயலியைத் தேடிப் பிடித்தார்.

அதில் செடி இல்லை, பூனை இல்லை. மேலே தேதி, நடுவில் வெற்றுப் பக்கம், கீழே வரிசையாக ஐந்து முகங்கள். ஒன்று அழுதது, ஒன்று வாடியிருந்தது, ஒன்று சும்மா இருந்தது, ஒன்று புன்னகைத்தது, ஒன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. எழுதி முடித்து அன்றைய முகத்தைத் தொட்டால் கதை முடிந்தது. காசும் கிடையாது. நுழையும்போது மட்டும் நாலைந்து கேள்வி கேட்டது. காசு கேட்டால் நில், சும்மா கேட்டால் 'சரி' என்று சொல். இதுதான் அவர் வீட்டில் கற்ற பாடம். எல்லாவற்றுக்கும் படிக்காமலே 'சரி' அழுத்தினார். அந்தச் சரிகளில் ஒன்று, 'நீங்கள் எழுதுவதை யாருக்கும் காட்ட மாட்டோம். உங்கள் அன்றாட முகத்தை மட்டும் உங்களுக்கு நெருக்கமானவருக்கு அனுப்பலாமா?' என்பது. போனில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று ஏற்கெனவே பதிந்திருந்தது மனைவியின் எண். செயலி அதையே எடுத்துக்கொண்டது. இவருக்குத் தெரியாது.

அன்று எழுதியது: 'கறுப்புப் பை ஒன்று போனது. மழை இல்லை.'

பிறகு முகம். 'இன்று எப்படி?' என்று கேட்டது செயலி. இந்தக் கேள்விக்கு அவர் பரம்பரையில் பதில் ஒன்றுதான் உண்டு. எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும் மந்தம். நன்றாகப் போகிறது என்று சொல்லிப் பாருங்கள், எதிர்க்கடைக்காரன் கண் வைப்பான், கம்பெனிக்காரன் விலையை ஏற்றுவான், மச்சான் கைமாற்றுக்கு வந்து நிற்பான். கூட்டம் அலைமோதுகிற நாளிலும் அவர் அப்பா உதட்டைப் பிதுக்கி, "ஏதோ ஓடுது" என்பார். ஆக, யோசிக்காமலே அவர் விரல் வாடிய முகத்தில் போய் உட்கார்ந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஆனால் எழுத்து மாறியது. முதலில் பில் போல இருந்தது, பிறகு வால் முளைத்தது. ஒருநாள் ஓர் இளைஞன் பெட்டியை உருட்டிப் பார்க்கிறேன் என்று தெருவில் இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். பேருந்து நிறுத்தத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தான். ஓடியே போய்விட்டான் என்று சாவி எழுந்து துரத்தப் போக, திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இப்போ எங்கயும் போற வேலை இல்லை" என்று வைத்துவிட்டுப் போனான். இதை எழுதும்போது கடைக்காரர் தனியாகச் சிரித்தார். பேரத்தின் நடுவிலேயே 'இதை எழுதணும்' என்று மனம் குறித்துக்கொள்ளத் தொடங்கியது. கடை மூடியதும் கல்லா நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது அவருக்கு டீ குடிப்பது போலப் பழகிவிட்டது. எழுதி முடித்ததும் வாடிய முகத்தைத் தொட்டு, நிம்மதியாக ஷட்டரை இறக்குவார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நண்பகல், பைகளுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது.

"சனிக்கிழமை வந்துடறேங்க."

"வா வா. எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்லை. கையெழுத்துப் போடலை. சொல்லிட்டேன்."

கையிலிருந்த பேப்பர் விழுந்தது. "ஏம்மா? பிள்ளைங்க பிடிக்கலையா?"

"பிள்ளைங்களா? நேத்து ஒரு பொண்ணு, முதல் தடவையா தண்ணி ஊத்தற சத்தத்தைக் கேட்டுட்டு, விடாம டம்ளரை மாத்தி மாத்தி ஊத்திட்டே இருந்தா. எனக்கு வர மனசே இல்லை."

"அப்புறம் எதுக்கு வர்றே?"

"நீங்க அங்க வாடிப் போய்க் கிடக்கும்போது நான் எப்படி இருக்கறது? வாயால சொல்ல வெக்கப்பட்டுட்டு, தினமும் அந்த முகத்தை அனுப்பறீங்களே. பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"என் முகமா? யார் அனுப்பினது?"

விஷயம் பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது வியாபார மூஞ்சிம்மா! எப்படின்னு கேட்டா மந்தம்னுதானே சொல்லணும்? கை தானாப் போயிடுச்சு. நான் நல்லா இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன். கடையும் பிரமாதமா ஓடுது!"

வாழ்நாளில் முதல்முறையாக அப்படிச் சொன்னார். சொன்னவுடன் எதிர்க்கடையைப் பயந்து பார்த்தார்.

"இது எந்தக் குரல்னு எனக்குத் தெரியாதா? 'இந்தச் சக்கரம் ஆயுசுக்கும் உடையாது'ன்னு சொல்வீங்களே, அந்தக் குரல். என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க."

கடைக்காரர் எத்தனையோ சொத்தைச் சரக்கைத் தங்கம் என்று தள்ளியிருக்கிறார். இன்று கையில் இருப்பது அசல் தங்கம், வாங்க ஆளில்லை. கண்ணெதிரே அவளுடைய ஒரு வருடம் கைநழுவிக்கொண்டிருந்தது.

"இரு, வச்சிடாதே. நீ வந்து படிக்கறதுக்குன்னு எழுதினேன்ல? இப்பவே கேளு."

ஸ்டூலில் உட்கார்ந்து, செயலியைத் திறந்து படிக்கத் தொடங்கினார். கறுப்புப் பை, மழை இல்லை. அதற்கு ஒரு 'ம்' மட்டும் வந்தது. பெட்டியை உருட்டிய இளைஞன் வந்தான். பேருந்து நிறுத்தத்தில் அவன் உட்கார்ந்த இடத்தில் போனுக்குள் ஒரு சிரிப்பு தெறித்தது. "அப்புறம்?" என்றாள். அந்த 'அப்புறம்' காதில் விழுந்ததும் இவர் குரல் தானாக இறங்கி, சாயங்கால வீட்டுக் குரலாயிற்று. வாடிக்கையாளர் வந்து நின்றார். "அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்று சைகை காட்டினார். சைகை காட்டி ஆளை நிறுத்தியதும் அவர் வாழ்க்கையில் இதுவே முதல்முறை.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இது ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததைத்தான் முதல்ல படிக்கணும்."

படித்தார்: 'வாசலில் அவள் செருப்பு விடும் இடம் காலியாக இருந்தது. என் செருப்பை அங்கே விட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. எடுத்துவிட்டேன்.'



"அன்னைக்கு என்ன முகம் போட்டீங்க?"

"மந்தம்தான்."

"அது ஒண்ணுதான் சரியாப் போட்டிருக்கீங்க" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மத்த நாளெல்லாம் பொய்."

"அப்போ நம்பறியா?"

"இந்தக் குரலை நம்பறேன்."

"மாசம் இன்னும் முடியலையே, மனசு மாறிடுச்சுன்னு சொல்லிட்டுப் போய்க் கையெழுத்துப் போடு. ஆனா ஒரு வருஷம் அதிகம்மா. பத்து மாசம்னு முடி."

"ஒரே விலை. ஒரு வருஷம்."

"பத்தரை."

"பேரம் கிடையாதுங்க."

"அப்போ மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போ."

"எனக்கு வகுப்பு இருக்கு. நீங்க வாங்க. உங்ககிட்ட என்ன பெட்டிக்கா பஞ்சம்?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கூரை வரை பெட்டிகள். ஊரையெல்லாம் பயணம் அனுப்பி வைத்தவர். இதில் ஒன்றைக்கூடத் தனக்கென்று அவர் இறக்கியதில்லை.

"சனிக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

காத்திருந்த வாடிக்கையாளர் பேரம் பேசாமல், சொன்ன விலைக்கே ஒரு பை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கடைக்காரர் கொக்கிக் கம்பால் மேலிருந்து ஒரு சின்னப் பையை இறக்கினார். தனக்குத்தானே விலை சொல்லி, தானே குறைத்துக் கேட்டு, தானே ஒத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நாலு வரி எழுதினார். அவர் விரல் பழக்க தோஷத்தில் வாடிய முகத்துக்குப் போயிற்று. நடுவழியில் நின்றது.

தன் கடை ஷட்டரை இறக்கிவிட்டுச் சாவி எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, இன்னைக்கு எப்படி?"

"மந்தம்பா" என்றார் கடைக்காரர், உதட்டைப் பிதுக்கி. போனை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிகிற முகத்தை அழுத்தினார்.